நேராகப் பார்க்காத கோல்கீப்பர்

மன்றத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டீர்கள். ‘நம் காலத்து ஒழுக்கம்’ என்று தலைப்பையும் நீங்களே கொடுத்து, இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்லி, கடைசியில் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு. ஆனால் படிக்காமல் தப்பிக்க முடியாது. நம் பழைய ஆட்டக்காரர்கள் வாட்சப் குழுவிலும் இதைப் போடத்தான் போகிறேன். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் கிடக்கட்டும்.

போன மாதம் மன்றத்துத் தலைவர் அந்தக் குழுவில் ஓர் அறிக்கை போட்டார். தலைவர் வேறு யாருமில்லை, அன்று நமக்கு லெஃப்ட் விங் ஆடியவர்தான். மன்றத்தின் பதினைந்து வயதுக்குட்பட்ட கால்பந்துப் பையன்களுக்குப் புதிய விதிகளாம். முடி காதைத் தொடக் கூடாது. சாயம் கூடாது. பிளேடால் கோடு இழுக்கக் கூடாது. பின்னால் வால் விடக் கூடாது. மீசை முளைத்தால் மழித்துவிட்டு வர வேண்டும். மீறினால் ஆட்டத்தில் இடமில்லை. பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்த ஒரு பையனைப் பயிற்சிக்கு விடாமல் வீட்டுக்கு அனுப்பியதையும் பெருமையாகக் கீழே எழுதியிருந்தார்.

அதற்கடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். விரல் தூக்கியவர்கள் யார் யார் என்று பார்த்தேன். ஒருவர் தன் தலைக்குப் பூசும் கறுப்பைக் கண்டால் காக்கை கூச்சப்படும். இன்னொருவர் மனைவியைவிட விக்கோடு அதிக வருஷம் வாழ்ந்தவர். மூன்றாமவர் தாடியை ஆட்டுக்கிடா மாதிரி வளர்த்துவிட்டு ‘ஸ்டைல்’ என்கிறார். இவர்களுக்குப் பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் ஒழுக்கம் வேண்டுமாம். என் தலையைப் பற்றிக் கேட்காதீர்கள். விதிக்குக் கட்டுப்பட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு அந்த போட்டோ வந்தது. மலரின் அட்டைக்கு அதைத்தான் போடப்போகிறீர்கள். நாம் கோப்பை வாங்கிய வருஷத்துக் குழுப் படம். இரண்டு வரிசை, நடுவில் கோப்பை, ஒரே அச்சில் வார்த்த மாதிரித் தலைகள். நடுவில் மேனேஜர், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சில பெற்றோர்கள். பின்வரிசையில் இடது ஓரம் நம் கோல்கீப்பர். அவன் மட்டும் தொப்பி போட்டிருக்கிறான், அவன் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. முகத்தை முழுசாகப் பக்கத்தில் திருப்பிக்கொண்டிருக்கிறான். ‘போட்டோவக் கெடுத்த கிறுக்கன்’ என்று ஒருவர் எழுதினார். ‘பந்து வந்தாலும் அப்படித்தான் பாப்பான் லா’ என்றார் இன்னொருவர். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அவன் அந்தப் பக்கம் ஏன் பார்த்தான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் லீக்கில் நாம் கடைசி இடம். நினைவிருக்கிறதா? இருக்காது, தோற்றதையெல்லாம் நீங்கள் எப்போதோ கழுவிவிட்டீர்கள். நம் பந்தில் காற்று நிற்காது. பாதி ஆட்டத்தில் அது பப்பாளிப்பழம் மாதிரி அமுங்கிவிடும். பாதிப்பேருக்குப் பூட்ஸ் கிடையாது. கடலோரத் திடலான பாடாங்கில் பயிற்சி என்றால், பெரியவர்கள் கிரிக்கெட் ஆடி முடித்த பிறகு இருட்டுக் கட்டும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். கடல்காற்றில் உதைத்த பந்து நமக்கே திரும்பி வரும். பயிற்சி முடிந்து பசெம்போர் பலகாரம் விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்புக் குழம்பின் வாசனையை மட்டும் இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இத்தனை காரணம் கண்முன்னால் இருக்க, நம் மேனேஜர் வேறு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். நாம் தோற்றது முடியால்.

மேனேஜரை இளையவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. மன்றத்தில் கால்பந்துக்கு மேனேஜர். தைப்பூசத்துக்கு நம் மன்றம் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவரே செயலாளர். ஒரே ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பிள்ளைகளையும் பக்தர்களையும் அதட்டியவர். நடு மண்டை வழுக்கை. இடது காதுக்கு மேலே வளர்த்த நீள முடியை எண்ணெய் போட்டு வலது காது வரைக்கும் இழுத்து ஒட்டியிருப்பார். பாடாங்கில் காற்றடித்தால் அது எழுந்து நின்று ஆடும். ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எங்கள் முடியைச் சுட்டிக்காட்டி ஒழுக்கம் பேசுவார். நாங்கள் சிரிக்கக் கூடாது.

வருஷக் கடைசி விடுமுறையில் பெற்றோர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

“எல்லார் தலையும் ஒரே மாதிரி இருக்கணும். தலை ஒண்ணா இருந்தா புத்தி ஒண்ணா இருக்கும். புத்தி ஒண்ணா இருந்தா கப்பு நமக்குத்தான். ஆர்மி டீமப் பாருங்க, ஒருத்தன் தலையில முடி இருக்கா?”

பெற்றோர்கள் கைதட்டினார்கள். வீட்டில் பிள்ளை சொல்பேச்சுக் கேட்காத கோபத்தையெல்லாம் வேறொருவர் கத்தரிக்கோலால் தீர்த்துவைக்கிறேன் என்றால் யார்தான் தட்ட மாட்டார்கள்? என் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார். ஆர்மி டீமும் அந்த வருஷம் பெரியவர்கள் லீக்கில் தோற்றிருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் மேனேஜருக்கு எங்கள் கிராப்பு கோணல்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு என்னைப் பார்த்து ‘அப்ப விதியே வேணாமா?’ என்று நீங்கள் கிளம்புவீர்கள். நகத்தை வெட்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்று, தோட்டைக் கழற்று, முடி கண்ணில் விழுந்தால் கட்டிக்கொள். இதெல்லாம் நியாயம். தனக்கோ அடுத்தவனுக்கோ அடிபடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. அதை நடுவரே பார்த்துக்கொள்வார், அதற்கு மன்றமும் தீர்மானமும் வேண்டாம். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு விதியும் விளையாட்டுக்கானது இல்லை. அடுத்தவன் தலையில் கை வைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு, அதற்கு ஒரு ஜெர்சி போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுக்க வக்கில்லாதவர்களிடம்தான் இந்த ஆசை அதிகம் என்பது என் அனுபவம்.

ஒரு சனிக்கிழமை மாலை, சூலியா தெருவுக்குப் பின்சந்தில் கடை வைத்திருந்த பார்பரை மேனேஜர் பாடாங்குக்கே அழைத்து வந்துவிட்டார். அங்சானா மரத்தடியில் ஒரு காப்பிக்கடை நாற்காலி. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியில் பவுடரும் மிஷின் எண்ணெயும் கலந்த நாற்றம். கைமிஷின் வெட்டியதைவிடப் பிடுங்கியதுதான் அதிகம். மரத்திலிருந்து மஞ்சள் பூ வேறு கழுத்துக்குள் விழுந்து அரித்தது.

“ஆடாத தம்பி, காது கையோட வந்துரும் லா,” என்று ஒவ்வொருவரிடமும் பார்பர் அதே நகைச்சுவையைச் சொன்னார். முடிந்ததும் பின்கழுத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தார். எரிந்தது. எழுந்தவனெல்லாம் அடுத்தவன் மண்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். மேனேஜர் தன் முடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகச் சுற்றி வந்து பார்வையிட்டார்.

கோல்கீப்பர் முறை வந்தது. அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

அவனுக்கு முடி தோளைத் தொட்டது. சுருட்டை. ஆட்டத்தின்போது நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டை எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்வான். அது அழகுக்கு வளர்த்த முடி இல்லை. அவனுடைய அம்மா வயிற்றில் கட்டி என்று ஒரு வருஷத்துக்கு மேலாகப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், அறுவைக்கு மேல் அறுவை. முதல் அறுவை நடந்த அன்று வராந்தாவில் நின்றுகொண்டு அவன் அப்பா வேண்டிக்கொண்டார்: அவள் நடந்து வீட்டுக்கு வந்தால், பையன் முடியை வளர்த்துப் பூசத்தன்று தண்ணீர்மலையில் இறக்குகிறேன் முருகா. அன்றிலிருந்து அவன் தலையில் கத்தரி படவில்லை. பள்ளிக்கூடத்தில் சீனத் தலைமையாசிரியர், கம்பு வைத்திருந்த மனிதர், காரணம் கேட்டார். ‘தைப்பூசம்’ என்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை போதும் என்று அவருக்குத் தெரிந்தது.

நம் மேனேஜருக்கு அந்த வார்த்தையோடு அதன் தாத்தா பாட்டியும் தெரியும். பந்தல் செயலாளர் அல்லவா?

“பூசம் வரைக்கும் சார். அப்பறம் மொட்டையே போட்டுக்கறேன். இன்னும் கொஞ்ச நாள்தான்,” என்றான் கோல்கீப்பர்.

“லீக்கு அடுத்த வாரம் தம்பி. பூசம் வரைக்கும் ஒன்னோட முடிக்காக லீக்கு நிக்குமா? ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு எல்லாப் பயலுக்கும் பக்தி வந்துரும்.”

“அம்மாவுக்காகச் சார்.”

மேனேஜர் ஆளனுப்பி அவன் அப்பாவை அழைத்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை அவருக்கு, பாடாங்கிலிருந்து கூப்பிடு தூரம். தோளில் துண்டோடு, உடம்பெல்லாம் மாவுத்தூளோடு ஓடி வந்தார். ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். அவரிடம் மேனேஜர் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

“இங்க பாருங்க, முடி முருகனுக்குத்தானே? எங்க வெட்டுனா என்ன? மலையில வெட்டுனாலும் முடி, பாடாங்குல வெட்டுனாலும் முடி. இங்க வெட்டுறத ஒரு மயிர் கீழ விழாம டின்னுல போட்டு நானே பூட்டி வைக்கிறேன். பூசத்தன்னைக்கு நானே கொண்டுபோயி மேல சேத்துடறேன். பந்தல் கமிட்டி சொல்லுது, போதாதா?”

அவன் அப்பா மகனைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பந்தல் கமிட்டி சொன்னால் கோயிலே சொன்ன மாதிரி என்று நினைக்கிற மனிதர் அவர்.

“ஐயா சொன்னா சரிங்க,” என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இவர் பூசாரிகூட இல்லை, பந்தலில் சர்பத் கலக்குகிறவர். நேர்த்திக்கடன் என்பது சொன்ன இடத்தில், சொன்னபடி செய்வது. அதைத் தபாலில் அனுப்பலாம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது பாருங்கள், அதுவும் ஆயுசு பூராவும் பூசத்திலேயே புரண்டவருக்கு. பூசம் தெரியாத ஊரில், தெரியாத சனத்துக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

கோல்கீப்பர் உட்கார்ந்தான். பார்பர் இந்த முறை காது நகைச்சுவையைச் சொல்லவில்லை. முடி கொத்துக்கொத்தாக விழ, அவன் அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். புல்லில் ஒட்டியதை, மஞ்சள் பூவோடு கலந்ததை எல்லாம் ஊதி ஊதி எடுத்தார். மன்றத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. சதுர டின். மூடியில் குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மூலையில் நசுங்கியிருக்கும். நாம் லூடோ காய்களைப் போட்டு வைத்த டின்தான். காய்களைக் கொட்டிவிட்டு அதில் முடியை வைத்து மூடினார்கள். அவன் அப்பா டின்னைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேனேஜரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் அவனோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வோர் ஆட்டத்தையும் பயிற்சியையும் அம்மாவிடம் ஒப்பிப்பது அவன் வழக்கம். எந்தப் பந்தை எப்படிப் பாய்ந்து பிடித்தான் என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாய்ந்தே காட்டுவான், நர்ஸ் வந்து திட்டுவாள். அந்த அம்மா சிரிக்கும்போது தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அன்று அவர் சிரிக்கவில்லை.

“யாருடா வெட்டுனா?”

அவன் சொன்னான். டின்னைப் பற்றியும் சொன்னான். அவர் கையை நீட்டி அவன் மண்டையைத் தடவினார். முள்ளுமுள்ளாக இருந்திருக்கும்.

“சேக்கட்டும். சொன்னா சொன்னபடி சேத்தாருன்னா சரி,” என்றார்.

தையல் பிரித்து, அவர் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான், இனி மேனேஜர் பங்குதான் பாக்கி.

பூசத்தன்று நம் குழு முழுவதும் பந்தலில். அதுவும் மேனேஜர் கட்டளை. ஒரே மாதிரித் தலையோடு வரிசையாக நின்று சர்பத் ஊற்றினோம். பார்த்தவர்கள், ‘எந்த ஆசிரமத்துப் பிள்ளைங்க?’ என்று கேட்டார்கள். சாலையெல்லாம் உடைந்த தேங்காய். வெயில் ஏற ஏற இளநீர் புளித்த வாடை. சீனர்களும் கூடை கூடையாகக் கொண்டுவந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் மேனேஜர் குரல், காணாமல்போன பிள்ளைகளையும் பக்தர்களின் ஒழுக்கத்தையும் மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தது.

கோல்கீப்பர் குடும்பம் வந்தது. அம்மா மஞ்சள் புடவையில், மெலிந்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவன் அப்பா நேராக மேனேஜரிடம் போய்க் கும்பிட்டார்.

“ஐயா, டின்னு.”

“என்ன டின்னு?”

“பையன் முடிங்க. நீங்க மேல சேக்கறேன்னீங்களே.”

மேனேஜர் ஒலிபெருக்கியை அணைத்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், டின் அங்கே இருக்கும் என்பது போல. ஸ்டோரில் இருக்கும் என்றார். எடுத்து வரச் சொல்கிறேன் என்றார். அதற்குள் அவன் அப்பா பார்த்துவிட்டார். எனக்குப் பின்னால் சர்பத் கலக்கும் மேசையில் அந்த டின் இருந்தது. அதே குடை பிடித்த பெண், அதே நசுங்கல். மூடி திறந்து கிடந்தது. உள்ளே சீனி.

பந்தலுக்குப் பாத்திரம் போதவில்லை என்று ஸ்டோரைச் சுத்தம் செய்யச் சொன்னவர் மேனேஜர்தான். அதில் இருந்ததைக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள்.

அவன் அப்பா டின்னைத் தொட்டார். அப்போது மேனேஜர் சொன்னார், கேளுங்கள்:

“பயப்படாதீங்க, சுத்தமாக் கழுவித்தான் சீனி போட்டிருக்கு.”

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். கழுவிவிட்டார்களாம். அந்த மனிதருக்கு வந்த கவலை சர்பத்தில் முடி வந்துவிடுமோ என்பதுதான். அவரை மலரின் உள்பக்கத்தில் ‘ஒழுக்கத்தின் தந்தை’ என்று போடப்போகிறீர்கள். போடுங்கள், அப்படியே இந்த வாக்கியத்தையும் படத்துக்குக் கீழே போடுங்கள்.

கோல்கீப்பரின் அம்மா டின்னைப் பார்த்தார், மகனின் தலையைப் பார்த்தார். அதில் ஒரு விரல்கடை முடிகூட வளர்ந்திருக்கவில்லை. பிறகு திரும்பி மலையடிவாரத்தில் மொட்டை போடும் கொட்டகையை நோக்கி நடந்தார். அவன் பின்னால் ஓடினான். சர்பத் சட்டியை வைத்துவிட்டு நானும் ஓடினேன்.

முதலில் மகனை உட்கார வைத்தார். இருந்ததை வழித்தார்கள். அவன் எழுந்ததும் அந்த இடத்தில் அவரே உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். முடி பலகையைத் தாண்டித் தரையில் புரண்டது. நோயில் கிடந்தும் அவ்வளவு முடி.

“பூமுடியாம்மா?” என்று கேட்டார் மொட்டை போடுகிறவர். பெண்கள் பெரும்பாலும் நுனியில் மூன்று விரல் முடி கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

“முழுசா எடுங்க.”

அவன் அப்பா ஓடி வந்து சேர்ந்தார். “ஏய், பச்ச ஒடம்புடி. நீ எதுக்கு? நான் போட்டுக்கறேன்!”

“நீங்க சொன்னது முடி வளத்துத் தர்றேன்னு. ஒங்க தலையில என்ன இருக்கு? சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். எந்தத் தலையா இருந்தா என்ன, இந்த வீட்டுத் தலைதானே?”

கத்தி இறங்கியது. கோல்கீப்பர் அழுதான். முந்தின வருஷம் அவ்வளவு கோல் வாங்கியும் அழாதவன். அவன் அம்மா அழவில்லை. வழித்து முடித்துச் சந்தனம் பூசியதும், “அப்பா, குளுகுளுன்னு இருக்கு,” என்று மகனைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பிறகும் கூத்து முடியவில்லை. அடுத்த பயிற்சிக்கு மொட்டைத் தலையோடு வந்தவனைப் பார்த்து மேனேஜர் முகம் சுளித்தார். “எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? இவன் மட்டும் போத்தாக்கா நின்னா ரவுடி டீம் மாதிரி இருக்காது?” நீளம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். வீட்டிலிருந்து ஒரு தொப்பியைக் கொண்டுவந்து அவன் தலையில் மாட்டிவிட்டார். போட்டோவில் அவன் தொப்பி போட்டிருப்பது அதனால்தான். கோல்கீப்பர் என்பதால் இல்லை.

கோப்பைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த லீக்கில் எல்லாரையும் துவைத்து எடுத்தது ஒரு சீனப் பள்ளியின் குழு. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு நெற்றியில் முடி புரள ஓடுவான், நம்மையும் ஒருமுறை கதறடித்தான். இறுதியாட்டத்துக்கு முந்தின வாரம் அவனுக்குப் பொன்னுக்குவீங்கி. அவனிடமிருந்து அவர்கள் குழுவில் பாதிப்பேருக்கு ஒட்டிக்கொண்டது. சின்னச்சின்னப் பையன்களை இறக்கினார்கள். அப்படியும் நாம் ஒரே ஒரு கோல்தான் போட்டோம், அதுவும் அவர்கள் காலில் பட்டு உள்ளே போனது. மிச்ச நேரமெல்லாம் அவர்கள் உதைத்த பந்தை நம் கோல்கீப்பர் விழுந்து விழுந்து பிடித்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கையின் கிராப்பினால்தான் விழுந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

பரிசு கொடுத்த பிறகு பாடாங்கிலேயே படம் எடுக்க நிறுத்தினார்கள். பெற்றோர்கள் சிலர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். என் அப்பா நிற்கிறார், படத்தில் பாருங்கள். தலைவரின் அம்மாவும் நிற்கிறார், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. கோல்கீப்பரின் அம்மாவும் வந்து மகன் பக்கத்தில் நின்றார். முந்தானையால் தலையை மூடியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் முடி அரும்பியிருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் அவன் தோளில் கையைப் போட்டிருந்தார்.

மேனேஜர் பார்த்தார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. பேப்பருக்குப் போற போட்டோ. இந்தக் கோலத்துல…”

அந்த அம்மா கையை எடுத்தார். விலகி, அங்சானா மரத்தடிக்குப் போய் நின்றார். மகனின் முடி விழுந்த அதே இடம். போட்டோக்காரர் எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொன்னார். நாம் எல்லாரும் நேராகப் பார்த்தோம், மேனேஜர் தன் முடியை அமுக்கிவிட்டு நேராகப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை. மரத்தடியிலிருந்து அவன் அம்மா தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தையலில் கை வைக்காமல் அவர் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன்.

அந்த ஆட்டத்தோடு அவன் மன்றத்தை விட்டுப் போய்விட்டான். பின்னாளில் மாக் மண்டின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அவர்கள் குழுவுக்கே கோல்கீப்பர். முடியை மறுபடி தோள்வரை வளர்த்தான். அங்கே யாரும் தலையைக் கேட்கவில்லை, பந்தைப் பிடிக்கிறானா என்று மட்டும் பார்த்தார்கள். அவன் அம்மாவுக்கு முடி வளர்ந்தது, ஆனால் தரையில் புரளும் அளவுக்கு வரவே இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால்தான் காலமானார். அடக்கத்துக்கு நான் போனேன். உங்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை.

இப்போது நேற்றுக்கு வருகிறேன். அட்டைப்படம் தயார் என்று தலைவர் குழுவில் போட்டார். ‘பழைய படத்தை ஏஐ-யில் போட்டுச் சரி பண்ணியாச்சு, இப்ப எல்லாரும் நேராப் பாக்கிறோம்!’ பெரிதாக்கிப் பார்த்தேன். கோல்கீப்பரின் முகத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள். தொப்பியை எடுத்துவிட்டு நம்மைப் போலவே கிராப்பும் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் புன்னகைகூட. மேனேஜரால் அந்த வருஷம் முழுக்க முயன்றும் முடியாததை நீங்கள் கைப்பேசியில் முடித்துவிட்டீர்கள். அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல்கள்.

வெட்கங்கெட்டவர்களே, அந்த அம்மாவுக்கு அந்தப் படத்தில் இடமில்லை என்று ஒருவர் துரத்தினார். அன்று அவர் அங்கே வந்திருந்தார் என்பதற்கு மகன் திருப்பிய முகம் ஒன்றுதான் சாட்சியாக மிச்சமிருந்தது. அதையும் நேராக்கிவிட்டீர்கள்.

கோல்கீப்பரை நீங்கள் குழுவில் சேர்க்கவே இல்லை. நான்தான் அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு பட்டர்வொர்த்தில் இருக்கும் அவனைக் கூப்பிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு இன்றும் தோளைத் தொடும் முடிதான், முழுக்க வெள்ளை.

“நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கிராப்பெல்லாம் வச்சிருக்கானுங்க,” என்றான்.

“நான் எடுக்கச் சொல்றேன்டா. சண்ட போட்டாவது எடுக்க வைக்கிறேன்.”

“அதெல்லாம் வேணாம் லா. முடிய எப்படி வேணும்னாலும் வச்சிக்கட்டும். மூஞ்சிய மட்டும் பழையபடி திருப்பி வச்சிரச் சொல்லு.”

சொல்லிவிட்டேன்.